நான் நினைத்ததைச் செய்!

நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் இப்போது எங்கும் பேச்சு. 'கோபைலட்' 2021-இல் வந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு 55 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு 'பைலட்' இருந்தது தெரியுமா நண்பர்களே?

1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வாரன் டைட்டல்மேன் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய அமைப்பின் பெயர்தான் பைலட். மனிதனும் கணினியும் கூட்டாளிகளாக வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. அன்று பெரும்பாலான இடங்களில் நிரலைத் துளையிட்ட அட்டைகளில் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். ஓர் எழுத்து பிழைத்தால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து!

பிறகு லிஸ்ப் மொழிக்காக அவர் செய்த கருவி 'டூ வாட் ஐ மீன்'. அதாவது, 'நான் நினைத்ததைச் செய்'. ஒரு பெயரைத் தவறாகத் தட்டினால், அதற்கு நெருக்கமான சரியான பெயர் எதுவென்று அது ஊகிக்கும். அதில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்றில், உங்களைக் கேட்ட பிறகே திருத்தும். இன்னொன்றில், தெளிவான பிழைகளைத் தானே திருத்திவிட்டுத் தகவல் மட்டும் சொல்லும்.

அவர் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்த காலத்துக் கதை ஒன்றைக் கணினிக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருவர் வட்டில் இடம் போதவில்லை என்று, பழைய காப்புக் கோப்புகளை மட்டும் அழிக்கக் கட்டளை கொடுத்தாராம். அப்படி ஒரு கோப்பும் அங்கே இல்லை. உடனே கருவி, 'எல்லாவற்றையும் அழி என்றுதானே சொல்ல வந்தீர்கள்?' என்று தானே முடிவு செய்து அழிக்கத் தொடங்கிவிட்டது! அவர் பதறியடித்து நிறுத்துவதற்குள் ஐந்தாறு கோப்புகள் காலி.

விடைத்தாள் திருத்திய ஆசிரியர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். 'பையன் இதைத்தான் எழுத வந்திருப்பான்' என்று ஊகித்து மதிப்பெண் போட்டிருக்கிறோம். சில நேரம் அந்த ஊகம் நம்முடைய அறிவாகத்தான் இருக்கும், அவனுடையதாக இருக்காது.

டைட்டல்மேனிடம் நான் வியப்பது வேறொன்று. ஊகிக்கும் உதவியாளைக் கொடுத்த அவரே, செய்ததைத் திரும்பப் பெறும் 'அன்டூ' வசதியையும் தம் அமைப்பில் வைத்தார். உதவியாள் தவறுவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய கருவிகள் பெயர்ப்பிழை திருத்துவதோடு நிற்பதில்லை. முழு நிரலையே எழுதுகின்றன, சோதிக்கின்றன, கோப்புகளை மாற்றுகின்றன. ஆனாலும் கேள்வி பழையதுதான். எதைக் கேட்காமல் செய்யலாம், எதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்? தவறினால் திரும்ப வழி உண்டா? இதை முடிவு செய்ய வேண்டியது குழுவில் உள்ள மனிதர்கள்; வேலை தொடங்கும் முன்பே.

மென்பொருள் துறையில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் குழுவில் இதை யார் முடிவு செய்கிறார்கள்? கீழே எழுதுங்கள், தெரிந்துகொள்கிறேன்.