தொலைகாட்டியின் சாளரம்

தொலைகாட்டி என்றவுடன் மக்கள் மனக்கண் முன் தோன்றுவது நீண்ட குழாயும், அதன் முனையில் அமைந்த பெரிய வில்லையும், அன்றேல் அதன் அடியில் அமைந்த குழிவாடியுமே யாகும். வானியல் வரலாறு எழுதுவோரும் அவற்றின் விட்டத்தையே அளந்து பெருமையாகக் கூறுவர். ஆனால் அப்பெரிய வில்லையோ ஆடியோ திரட்டிய ஒளி, மனிதனின் கண்ணை அடையுமுன் கடந்து செல்ல வேண்டிய கடைசி வாயில் ஒன்று உண்டு. கண்ணுக்கருகே பொருத்தப்படும் அச்சிறு உறுப்பினைப் பார்வைத்துண்டு என்பர். எவ்வளவு மங்கலான உடுவைக் காணலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரிய ஆடி. வானத்தில் எவ்வளவு பரப்பினை ஒரே நோக்கிற் காணலாம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பார்வைத்துண்டு. சாவித் துவாரம் போல் இருந்த அவ்வாயில் அகன்ற சாளரமாக மாறுவதற்கு ஏறக்குறைய 370 ஆண்டுகள் சென்றன.

இத்தாலிய அறிஞர் கலிலியோ 1609 ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 20 மடங்கு உருப்பெருக்கமுடைய தொலைகாட்டியை வானத்தை நோக்கித் திருப்பினார். அவர் கண்ணருகே வைத்தது ஒரு குழிவுவில்லை. அது விம்பத்தைத் தலைகீழாக்காமல் நேராகக் காட்டியது என்பது உண்மையே. ஆயினும் குழிவுவில்லையினூடு வரும் ஒளிக்கதிர்கள் வெளிநோக்கி விரிந்து செல்வன. கண்மணியின் சிறு துவாரம் அவற்றுள் நடுவே வருவனவற்றை மாத்திரம் ஏற்கும், ஏனையவை வீணாகும். அதனால் கலிலியோ ஒரே நோக்கிற் கண்ட வானத்தின் அகலம் ஏறத்தாழக் கால் பாகையே. பூரணச் சந்திரனின் அகலமோ அரைப் பாகை. சந்திரனின் மலைகளை உலகுக்கு முதன்முதல் விளக்கி எழுதிய அவர், அச்சந்திரனை முழுமையாக ஒரு தடவையேனும் தம் தொலைகாட்டியிற் காணவில்லை; துண்டு துண்டாகவே கண்டார்.

தமிழர் கார்த்திகை எனப் பெயரிட்டழைக்கும் உடுக்கூட்டத்தையும் அவர் ஆராய்ந்தார். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தோன்றும் அக்கூட்டத்தில் 36 உடுக்களை வரைந்து, 1610 ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் வெளியான தம் நூலிற் சேர்த்தார். கார்த்திகையின் முதன்மையான உடுக்கள் பரந்துள்ள அகலம் ஏறத்தாழ 1 பாகை. ஆகவே கால் பாகைத் துவாரத்தினூடு ஓர் உடுவிலிருந்து அடுத்த உடுவுக்கு நகர்ந்து நகர்ந்தே அப்படத்தை அவர் அமைத்திருத்தல் வேண்டும்.

இக்குறையை நீக்கும் வழியை 1611 ஆம் ஆண்டில் யேர்மனிய வானியலறிஞர் கெப்ளர் கூறினார். குழிவுவில்லைக்குப் பதிலாகக் குவிவுவில்லையைக் கண்ணருகே வைத்தால், விம்பம் தலைகீழாகும். ஆனால் பார்வைப்புலம் பெருகும். வானத்தைப் பார்ப்பவனுக்கு மேல் எது, கீழ் எது என்பது பெரிய கவலையன்று. எனவே வானியலார் கெப்ளரின் வழியையே காலப்போக்கில் மேற்கொண்டனர். எனினும் தனியொரு வில்லையினால் ஆகக்கூடியது சிறிதே. விம்பத்தின் ஓரத்திலிருந்து வரும் கதிர்கள் அவ்வில்லையின் புறத்தே தப்பிச் செல்லும். தப்பாதவை நிறம் பிரிந்து மங்கும்.

ஒல்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ், 1660 களின் தொடக்கத்தில் இதற்கு ஓர் உபாயம் கண்டார். கண்ணருகே ஒரு வில்லையும், அதற்கு முன்னால் இன்னொரு வில்லையும் வைத்தார். முன்வில்லை, தப்பியோட முயலும் ஓரக் கதிர்களை மடக்கி உட்புறமாகத் திருப்பும். பின்வில்லை அவற்றைக் கண்ணிற் சேர்க்கும். தகுந்த இடைவெளி விட்டு வைத்தால், ஒரு வில்லை உண்டாக்கும் நிறக்குற்றத்தை மற்றது பெரும்பாலும் தீர்த்துவிடும். பார்வைத்துண்டு என்பது ஒரு தனிக் கண்ணாடியன்று, ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்யும் வில்லைகளின் கூட்டம் என்னும் கருத்து அன்று பிறந்தது. பின்வந்தோர் செய்தவை யாவும் அக்கருத்தின் வளர்ச்சியே.

அகன்ற பார்வையின் பயன் யாது என்பதை இங்கிலாந்தில் வாழ்ந்த கரோலின் ஹேர்ஷல் அம்மையாரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகின்றது. யுரேனசைக் கண்டுபிடித்த வில்லியம் ஹேர்ஷல் இவரின் தமையனார். தமையனார் 1783 ஆம் ஆண்டு இவருக்கென ஒரு சிறு தொலைகாட்டியை ஆக்கிக் கொடுத்தார். அதன் குவியத்தூரம் 27 அங்குலம், உருப்பெருக்கம் குறைவு, ஆனால் ஏறத்தாழ 2 பாகை அகலமான வானம் அதிலே தெரிந்தது. தமையனார் யேர்மனிக்குச் சென்றிருந்த வேளையில், 1786 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 1 ஆந் திகதி இரவு, வானத்தைத் துழாவிக்கொண்டிருந்த கரோலின் ஒரு புதிய வால்வெள்ளியைக் கண்டார். 1797 ஆம் ஆண்டுக்குள் அவர் கண்டுபிடித்த வால்வெள்ளிகள் எட்டு. எங்கே தோன்றும் என அறியப்படாத ஒன்றைத் தேடுபவருக்கு, ஒரு புள்ளியைப் பெரிதாகக் காட்டும் கருவியினும் பரப்பினை விரிவாகக் காட்டும் கருவியே உதவும். 1787 ஆம் ஆண்டு முதல் அரசர் மூன்றாம் ஜோர்ஜ் அவருக்கு ஆண்டொன்றுக்கு 50 பவுண் வேதனம் வழங்கினார்.

அக்காலந் தொட்டு ஒரு நூற்றாண்டு காலம் பார்வைத்துண்டு படிப்படியாகத் திருந்தியது. இங்கிலாந்தின் கருவியாளர் ராம்ஸ்டன் 1782 அளவில், அளவீட்டு நூலிழைகளை வைக்கத்தக்க ஓர் அமைப்பைச் செய்தார். வெற்ஸ்லார் நகரத்துக் கெல்னர் 1849 ஆம் ஆண்டில், வெவ்வேறு கண்ணாடி வகைகளாலான இரு வில்லைகளை ஒட்டி நிறக்குற்றத்தை மேலும் குறைத்தார். 1860 அளவில் வியன்னாவின் பிளோசலும், 1880 இல் யேனா நகரத்து அபேயும் தத்தம் அமைப்புகளைத் தந்தனர். விம்பம் கூர்மையாயிற்று, ஆயினும் தோற்றப்புலம் 40 அல்லது 50 பாகையளவிலேயே நின்றது. பார்ப்பவனுக்கு இருண்ட சுவர் ஒன்றின் நடுவே வட்டமான ஒளித்துளை ஒன்று இருப்பது போலவே தோன்றியது.

அச்சுவரைப் பின்னுக்குத் தள்ளியது போர். முதலாம் உலகப் போர் நடந்த 1917 ஆம் ஆண்டில், செயிஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹைன்றிக் ஏர்ஃபிள் என்பவர் ஐந்து வில்லைகள் கொண்ட ஓர் அமைப்பை ஆக்கினார். அதன் தோற்றப்புலம் 60 பாகைக்கு மேற்பட்டது. பகைவன் எத்திசையிலிருந்து வருவான் என அறியாத போர்வீரனுக்கும், வால்வெள்ளி எத்திசையில் தோன்றும் என அறியாத கரோலினுக்கும் தேவை ஒன்றாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போர்க்கருவிகளிலிருந்து கழற்றப்பட்ட இவ்வகைப் பார்வைத்துண்டுகள் அமெரிக்காவிலே மலிந்த விலைக்குச் சந்தைக்கு வந்தன. பீரங்கிக்கென ஆக்கப்பட்டவை வானத்தைக் காதலித்த பொழுதுபோக்கு வானியலாரின் கைகளிற் சேர்ந்தன.

இனி, பார்வைத்துண்டின் வரலாற்றைத் திருப்பிய வேறொரு மாற்றத்தைக் கூறுதல் வேண்டும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வேதாந்த சங்கத்துத் துறவியாக 1944 ஆம் ஆண்டு முதல் வாழ்ந்தவர் ஜோன் டொப்சன். கப்பற் சாளரங்களின் பழைய கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். ஒட்டுப்பலகைப் பெட்டியின் மீது, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் திருப்பத்தக்க எளிய தாங்கியிலே அதனை அமைத்தார். 1967 ஆம் ஆண்டு மடத்தை விட்டு வெளியேறியவர், 1968 இல் நண்பரோடு சேர்ந்து நடைபாதை வானியலார் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்து, தெருவிற் செல்வோரை அழைத்து வானத்தைக் காட்டினார். செல்வர்க்கே உரியதாயிருந்த பெரிய தொலைகாட்டி இவ்வாறு எளியோர்க்கும் கிட்டியது.

ஆனால் அவ்வெளிய தாங்கிக்கு, வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் பொறியில்லை. புவி 4 நிமிடத்துக்கு 1 பாகை வீதம் சுழல்வதால், நோக்கும் பொருள் இடைவிடாது நகர்ந்து மறையும். 100 மடங்கு உருப்பெருக்கத்தில், 50 பாகைத் தோற்றப்புலமுள்ள பார்வைத்துண்டு அரைப் பாகை வானத்தையே காட்டும். வான நடுவரைக்கு அருகிலுள்ள உடு அதனைக் கடக்க 2 நிமிடமே செல்லும். வரிசையில் நிற்கும் சிறுவன் ஏணியில் ஏறிக் கண்ணை வைக்குமுன் சனிக்கிரகம் போய்விடும். மேலும், குழாய் நீளாதிருக்கும் பொருட்டு ஆடிகள் குறுகிய குவியத்தூரமுடையனவாக ஆக்கப்பட்டன. அவை அனுப்பும் அகன்ற ஒளிக்கூம்பினை ஏர்ஃபிளின் அமைப்பினாற் செவ்வனே கையாள இயலவில்லை. நடுவிலே புள்ளியாகத் தெரிந்த உடு, ஓரத்திலே சிறகு விரித்த பறவை போலச் சிதைந்தது.

இச்சிக்கலை அவிழ்த்தவர் நியூயோர்க்கைச் சேர்ந்த அல் நாக்லர். பள்ளி மாணவராயிருந்தபோதே தம் கையால் தொலைகாட்டி ஆக்கியவர் அவர். பின்னர் ஒளியியல் நிறுவனமொன்றிற் பணியாற்றி, சந்திரனுக்குச் செல்லும் விண்வெளி வீரர் புவியிலேயே பயிற்சி பெறுவதற்கான காட்சிக் கருவிகளை வகுத்தார். கலத்தின் சாளரத்தினூடு பார்ப்பது போன்ற மெய்யுணர்வை ஊட்டவேண்டுமாயின், அக்கருவியின் காட்சி மிக அகன்றதாக இருத்தல் அவசியம். அவ்வனுபவத்தை அவர் தொலைகாட்டிக்குக் கொண்டுவந்தார். 1977 ஆம் ஆண்டில் ‘ரெலி வியூ’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 1980 இல் 13 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 82 பாகைத் தோற்றப்புலமும் உடைய பார்வைத்துண்டை வெளியிட்டார்.

அதன் உட்பொருள் இதுவே: ஒளி முதலில் ஒளியை விரிக்கும் வில்லைத் தொகுதியொன்றைச் சந்திக்கும். அத்தொகுதி, ஆடியிலிருந்து வரும் அகன்ற கூம்பினை ஒடுக்கமாக்கி, விம்பத்தின் வளைவையும் தட்டையாக்கும். அதன் பின் ஒளியைக் குவிக்கும் தொகுதிகள் அதனை எளிதிற் கையாளும். இத்தனை வில்லைகளை அடுக்குதல் முற்காலத்தில் அறிவுடைமை யாகாது. பூச்சில்லாத கண்ணாடியின் மேற்பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். அத்தகைய மேற்பரப்புகள் 8 இருப்பின் ஒளியிற் காற்பங்குக்கு மேல் வீணாகும். 1935 ஆம் ஆண்டில் செயிஸ் நிறுவனத்து ஸ்மகுலா கண்ட தெறிப்புத் தடுக்கும் பூச்சு அவ்விழப்பை மிகக் குறைத்தது. முன்னர் கையால் மாதக்கணக்கிற் செய்ய வேண்டியிருந்த கதிர்க் கணக்குகளைக் கணினி விரைவிற் செய்தது. பூச்சும் கணினியும் இன்றேல் இச்சாளரம் திறந்திராது.

50 பாகையோடு ஒப்பிடுமிடத்து, 82 பாகைப் புலம் அதே உருப்பெருக்கத்தில் ஏறத்தாழ 2.7 மடங்கு பரப்பினைக் காட்டும். முன்னர் 2 நிமிடத்தில் மறைந்த உடு, இப்பொழுது 3 நிமிடத்துக்கு மேல் நிற்கும். வேறொரு நன்மையும் உண்டு. ஒரே அளவு வானத்தை மேலும் கூடிய உருப்பெருக்கத்திற் காணலாம் ஆதலின், வானத்தின் பின்னணி கறுத்து, மங்கலான உடுக்கள் தெளிந்து தோன்றும். பார்ப்பவன் புலத்தின் விளிம்பை உணராமல், கலத்தின் சாளரத்தண்டை நிற்பது போன்ற உணர்வைப் பெறுவான்.

குறைகளும் இல்லாமலில்லை. முதலில் வந்த அமைப்பிற் கண்ணைச் சிறிது தவறான இடத்தில் வைத்தால் அவரை விதை போன்ற கருநிழல் ஓடும். பின்வந்த அமைப்புகளில் அது குறைக்கப்பட்டது. புலம் அகன்றபின், ஆடியே உண்டாக்கும் ஓரக் குற்றம் வெளிப்பட்டது. அதனைத் திருத்தத் தனி வில்லைகள் வேண்டியிருந்தன. 31 மில்லிமீற்றர் நாக்லர் பார்வைத்துண்டின் நிறை ஏறத்தாழ 1 கிலோகிராம். இலேசான தொலைகாட்டி அதன் பாரத்தாலே தலை சாயும். விலையும் அதிகம். கிரகங்களை மட்டும் நோக்குவோர்க்கு அபேயின் எளிய அமைப்பே இன்றும் போதும். எனினும் நாட்டம் நிற்கவில்லை: 2007 ஆம் ஆண்டில் அதே நிறுவனம் 100 பாகைப் பார்வைத்துண்டை வெளியிட்டது. பிற நிறுவனங்களும் அகன்ற புலமுடையவற்றைச் செய்து விலையைத் தணித்தன.

இன்று 1 மீற்றர் குவியத்தூரமுள்ள சிறு தொலைகாட்டியில் அந்த 31 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டைப் பொருத்தினால், 2 பாகைக்கு மேற்பட்ட வானம் தெரியும். கலிலியோ துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்த கார்த்திகை, சுற்றிலும் கரிய வானம் சூழ, முழுக்கூட்டமாக ஒரே நோக்கில் நிற்கும். ஓர் உடு எத்தகையது என்பதை உருப்பெருக்கம் கூறலாம். அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அதன் அயலில் யாவை உள்ளன என்பதை அகன்ற புலமே கூறும். தெருவோரத்துத் தொலைகாட்டியில் வரிசையாக நின்று பார்க்கும் மக்களுக்கோ, அது மேலும் ஒரு நிமிடத்தைத் தருகின்றது. முன்னே நின்றவர் விலகி, பின்னே நின்ற குழந்தை கண்ணை வைக்கும்வரை, கார்த்திகை புலத்திலேயே காத்திருக்கும்.