கார் குளிர்சாதனம்: கம்ப்ரசர் மாற்றத்துக்குப் பின் பழுதறிதல்

காரின் குளிர்சாதனத்தில் பழைய கம்ப்ரசரைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய பிறகும் குளிர் குறைவாகவோ விட்டுவிட்டோ வருதல், சில வாரங்களில் அடியோடு நின்றுபோதல், இரைச்சல் எழுதல் ஆகிய குறைகள் தோன்றினால் அவற்றின் காரணத்தை முறைப்படி தேடிக் காண்பதே இப்பழுதறிதல் ஆகும். கம்ப்ரசர் என்பது குளிர்பதன வளிமத்தை, அதாவது பட்டறை வழக்கில் 'கேஸ்' எனப்படுவதை, அமுக்கிச் சுற்றுக்குள் ஓடவைக்கும் உறுப்பு. அமுங்கிச் சூடான வளிமம் காரின் முகப்பிலுள்ள கண்டென்சரில் வெப்பத்தை வெளியே விட்டு நீர்மமாகி, ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கடந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகிய துளையில் அழுத்தம் இழந்து, டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள கூலிங் காயிலில் ஆவியாகும்போது உள்காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இந்த ஐந்து உறுப்புகளுக்கும் வளிமமும் எண்ணெயும் பொது என்பதால் ஒன்றில் நேர்ந்த கேடு மற்றவற்றிலும் தங்கிவிடுகிறது. கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது பாதி வேலையே.

கார் ஓடும் சூழலும் இக்குறைகளைக் கூட்டும்; திருவள்ளூர் மாவட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. மாவட்டத்தின் வடகோடியில், சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16ஐ ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் மிகுதி. ஆலைத் தூசும் கனரக லாரிகள் கிளப்பும் புழுதியும் கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே படிந்து காற்றோட்டத்தைத் தடுப்பதும், மே மாத வெயில் 40 பாகை செல்சியசைத் தொடுவதும், பழவேற்காட்டுப் பக்கத்துக் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து இப்பகுதிக் கார்களின் குளிர்சாதனத்தைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்குகின்றன.

வரலாறு

தொழிற்சாலையிலேயே குளிர்சாதனம் பொருத்தப்பட்ட முதல் காரை அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1939இல், 1940ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்டது. அதில் கம்ப்ரசரைத் துண்டிக்கும் கிளட்ச் இல்லாததால், குளிரை நிறுத்த விரும்பியவர் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. காந்த விசையால் ஒட்டிப் பிரியும் கிளட்ச் பின்னர் வந்தபோது இவ்வேலை நீங்கியது. ஆனால் பழுதாகக்கூடிய மின்னுறுப்பு ஒன்றும் கூடவே வந்து சேர்ந்தது.

வளிமத்தின் வரலாறு இன்னும் முக்கியமானது. தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய துணைவர்களும் 1920களின் இறுதியில் உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பன் வகையைச் சேர்ந்த ஆர்-12 தீப்பற்றாதது, நச்சுத்தன்மை மிகக் குறைந்தது என்பதால் அரை நூற்றாண்டுக்கு மேல் கார்களில் கோலோச்சியது. அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று மொலினா, ரோலண்டு என்னும் வேதியியலாளர்கள் 1974இல் எச்சரித்தனர். 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியா 1992இல் அதில் இணைந்து, 2008இல் இவ்வகை வளிமங்களின் பொது உற்பத்தியை நிறுத்தியது. குளோரின் இல்லாத ஆர்-134ஏ அவ்விடத்தைப் பிடித்தது. ஆர்-12உடன் கம்ப்ரசரில் ஓடிய பழைய கனிம எண்ணெய் இதனோடு கலப்பதில்லை, ஆகவே பி.ஏ.ஜி. எனப்படும் செயற்கை எண்ணெய் வந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சும் இயல்புடையது. மூடி திறந்தே கிடந்த எண்ணெய்க் குப்பி புதிய கம்ப்ரசரைக் கெடுப்பதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

கம்ப்ரசர் வகைகள்

தொடக்கக் கம்ப்ரசர்கள் எஞ்சினைப் போலவே வளைதண்டும் பிஸ்டனும் கொண்டவை. சாய்தட்டு ஒன்று சுழன்று பிஸ்டன்களை முன்பின் தள்ளும் வகை அவற்றை விலக்கிப் பரவியது. சுழலும் தகடுகள் கொண்ட வேன் வகையும், இரு சுருள்களுக்கிடையே வளிமத்தை நெருக்கும் ஸ்க்ரோல் வகையும் உண்டு. பழுதறிவோர் கருத வேண்டிய பிரிவு வேறு: ஒரே கொள்ளளவில் ஓடி கிளட்சால் நின்று நின்று இயங்குபவை, சாய்வுக் கோணத்தை மாற்றிக் கொள்ளளவைத் தானே கூட்டிக் குறைப்பவை என்பதே அது. பின்னவற்றுள் கிளட்ச் இல்லாதவையும் உண்டு. அவற்றின் கட்டுப்பாட்டு வால்வுக்கு மின்துடிப்பு வராவிட்டால் நல்ல கம்ப்ரசரும் செத்ததுபோலத் தோன்றும்.

பழுதறியும் முறை

முதலில் கேட்க வேண்டியது பழைய கம்ப்ரசர் ஏன் கெட்டது என்பது. அதிலிருந்து வடித்த எண்ணெய் தெளிவாக இருந்தால் கவலையில்லை. கறுத்து, அலுமினியப் பொடி மினுங்கினால் அப்பொடி கண்டென்சரிலும் வால்விலும் சென்று தங்கியிருக்கும். இக்காலக் கண்டென்சர்கள் மயிரிழை போன்ற இணைகுழல்களால் ஆனவை, அவற்றைக் கழுவிச் சுத்தம் செய்ய இயலாது, மாற்றவே வேண்டும். டிரையரும் ஓ-ரிங்குகளும் எந்நிலையிலும் புதியவையாக இருத்தல் வேண்டும்.

எண்ணெயின் அளவு அடுத்தது. புதிய கம்ப்ரசர்கள் பல, சுற்று முழுவதற்குமான எண்ணெயோடு வருகின்றன. பழையதில் வடிந்ததை அளந்து அதற்கேற்ப வடிக்காமல் பொருத்தினால் மிகை எண்ணெய் கூலிங் காயிலின் உட்சுவரில் படிந்து குளிரைக் குறைக்கும். குறைந்தாலோ கம்ப்ரசர் இறுகிப்போகும்.

இரவு முழுதும் நின்று ஆறிய காரில் கேஜ் வைத்துப் பார்ப்பது எளிய, ஆனால் பலரும் விட்டுவிடும் சோதனை. ஆர்-134ஏயின் அழுத்தம் 30 பாகையில் சதுர அங்குலத்திற்குச் சுமார் 97 பவுண்டு, 35 பாகையில் சுமார் 114 பவுண்டு. கேஜ் இதைவிடத் தெளிவாக மிகுதியாகக் காட்டினால் உள்ளே காற்றோ வேறு வளிமமோ கலந்துள்ளது என்று கொள்ளலாம். இதனால் வளிமம் எத்தனை கிராம் உள்ளது என்பது தெரியவராது. அதைத் தராசே சொல்லும். பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த எடைக்கு நிரப்புவதை விட்டு, குழாயைத் தொட்டுப் பார்த்து நிரப்புவது பிழையான வழக்கம்.

எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்றுகளில் ஓட, 35 பாகை வெயிலில், தாழ்பக்கம் 30 முதல் 45, உயர்பக்கம் 200 முதல் 250 பவுண்டு வரை இருப்பது பொதுவாக இயல்பு. இரண்டும் தாழ்ந்தால் வளிமக் குறைவு. இரண்டும் உயர்ந்தால் மிகை நிரப்பல், காற்றுக் கலப்பு, ஓடாத கண்டென்சர் விசிறி, புழுதி அடைந்த தகடு ஆகியவற்றுள் ஒன்று. தண்ணீரைக் கண்டென்சர் மேல் தெளித்ததும் அழுத்தம் இறங்கினால் குறை காற்றோட்டத்தில் உள்ளது. தாழ்பக்கம் வெற்றிடத்தை நெருங்கினால் வால்வு அடைத்துள்ளது. சிறிது நேரம் குளிர்ந்து பின் நின்று மீண்டும் குளிர்ந்தால், வால்வின் துளையில் ஈரம் பனிக்கட்டியாவதை ஐயுறலாம். தாழ்பக்கம் உயர்ந்து உயர்பக்கம் தாழ்ந்தால் மட்டுமே புதிய கம்ப்ரசரையோ அதன் கட்டுப்பாட்டு வால்வையோ சந்தேகிக்க இடமுண்டு.

ஈரத்தை நீக்குவது, பட்டறையில் 'வாக்கம் போடுதல்' எனப்படும் வெற்றிடமாக்கல். அழுத்தம் போதிய அளவு தாழும்போது நீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறுகிறது. இதற்கு அரை மணிக்குக் குறையாத நேரமும், பின் பம்பை நிறுத்தி முள் நகர்கிறதா என்று காத்திருப்பதும் தேவை. மழைக்காலத்தில் கடலோரப் பட்டறைகள் இந்நேரத்தை இரட்டிப்பாக்குவது நலம்.

கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர்; இது மிகுந்தால் எஞ்சின் சூடேறியதும் கிளட்ச் ஒட்டாது. ரிலே, எர்த் இணைப்பு, அழுத்த உணரி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். அழுத்தங்கள் சரியாக இருந்தும் குளிர் வராவிட்டால் கேபின் ஃபில்டரும் சூடு–குளிர் கலக்கும் கதவும் சோதனைக்குரியவை.

மின்சாரக் கார்களில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால் அவற்றுக்குத் தனி எண்ணெயும் தனிப் பயிற்சியும் வேண்டும். ஆர்-1234ஒய்எஃப் என்னும் புதிய வளிமம் சிறிதளவு தீப்பற்றக்கூடியது. கம்ப்ரசருக்கு வாரண்டி கோரும்போது டிரையர் மாற்றியதற்குச் சான்று கேட்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. ஆதலால் கார் உரிமையாளர்கள் மாற்றிய உறுப்புகள், ஊற்றிய எண்ணெயின் வகை, நிரப்பிய வளிமத்தின் கிராம் அளவு ஆகியவற்றை ரசீதில் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.