கவலை, கரண்ட், அப்பா

"கவலை" என்றால் புனேயில் வளரும் என் பிள்ளைகளுக்கு மனக்கவலை மட்டும்தான் தெரியும். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அது மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது. அதை விளக்கப் போய்தான் இவ்வளவும் ஞாபகம் வந்தது.

கிணற்று மேட்டில் உருளை, அதில் வடக்கயிறு, கயிற்று முனையில் சால். சாலுக்கு அடியில் தும்பி என்கிற தோல் குழாய். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். வால்கயிற்றைத் தளர்த்தினால் தும்பி வழியாகத் தண்ணீர் கொட்டும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேடு ஏற வேண்டும். மாடு களைத்தால் இறைப்பும் நின்றுவிடும். எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு மாட்டின் மூச்சுதான் அளவு. (எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் 'தோட்டம்', மழையை நம்பியிருந்தால் 'காடு'.)

1932-ல் பைக்காரா மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. கோவையில் ஆலைகள் பெருகின, பின்னாடியே பம்புசெட்டும் வந்தது. எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது தாத்தா காலத்தில், 1960களில்.

கரண்ட் வந்தால் பில்லும் வருமே! யூனிட்டுக்குச் சில பைசா விவகாரம்தான். ஆனால் 1970-ல் கட்டண உயர்வை எதிர்த்த மூன்று விவசாயிகள் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரத்தை மாட்டு வண்டிகள் அடைத்தன. எங்கள் வண்டியும் போனது, ஓட்டியது 22 வயது அப்பா. மாடுகளைக் கவலையிலிருந்து விடுவித்த கரண்டுக்காக மாடுகளே வண்டி இழுத்தன என்று சொல்லிச் சிரிப்பார். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லோருக்கும் மின்சாரம் இலவசமானது.

ஆபீஸ் கேன்டீனில் இந்த இலவசத்தைத் திட்டுகிறவர்களோடு நான் இன்னமும் சண்டை போடுகிறேன். அது சும்மா வந்ததில்லை. ஆனால் மோட்டார் களைப்பதில்லையே. கிணறு வற்றியது. போர் போட்டோம். முதலில் 300 அடி, அப்புறம் 600, கடைசியாக 900.

அப்பாவுக்கு 75 தாண்டிவிட்டது. முழங்கால் வலி. லீவில் போகும்போது அவர் வாய்க்கால் மேட்டில் நின்று சொல்லச் சொல்ல, மண்வெட்டி பிடித்து நான் மடை திருப்புவேன். போன தடவை தென்னைக்குப் பாதித் தண்ணீர்கூடப் போகவில்லை.

"இன்னொரு போர் போட்டுப் பாக்கலாமா கண்ணு?"

"பணம் இருக்குதுங்கப்பா. தண்ணி இருக்குமான்னுதான்..."

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் சுண்ணாம்புக் குண்டாவை என்னைத் தூக்கி வரச் சொல்லி, இனித் தண்ணீர் விட வேண்டாத மரங்களுக்கு அவரே கோடு போட்டார். 40 மரம். வெட்டிவிட்டு அந்த இடத்தில் புரட்டாசி மழைக்குச் சோளம் விதைப்பதாக ஏற்பாடு.

"எங்கப்பன் காட்டத் தோட்டமாக்குனாரு," என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

புரட்டாசிக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.