பிளேக் காலத்தில் ஆலை முதலாளிகள் கேட்ட மூன்று கேள்விகள்



பள்ளியில் வரலாறு நடத்தும்போது 1897 என்றால் இரண்டு செய்திகள் வரும். புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டது ஒன்று, திலகர் மீது ராஜத்துரோக வழக்கு மற்றொன்று. அதோடு பாடம் முடிந்துவிடும். அதே காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்குள் என்ன நடந்தது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் இடமில்லை. 2020-இல் நம்மூர்ப் பட்டறைக்காரர்களும் கடைக்காரர்களும் தவித்த தவிப்பை அந்த முதலாளிகள் அப்போதே தவித்திருக்கிறார்கள். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அக்காசியோ வீகாஸ் பிளேக் நோயைக் கண்டறிந்தார். துறைமுகத்தை ஒட்டி, தானியக் கிடங்குகள் நிறைந்த இடம் அது. நகரின் மக்கள்தொகை அப்போது எட்டு லட்சத்துக்கு மேல். சில மாதங்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். சுமார் 70 பஞ்சாலைகள், 70,000 தொழிலாளர்கள் கொண்ட நகரம் அது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் இரத்தினகிரி, சாத்தாரா பக்கத்துக் கிராமத்தார். உயிர் பிழைத்தால் போதும் என்று சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள்.

முதல் கேள்வி: ஆட்களை எப்படி நிறுத்தி வைப்பது?

ஆலைகளில் மாதச் சம்பளம். அதுவும் மாதம் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கைக்கு வரும். தொழிலாளி சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்பதற்கு அது ஒரு கயிறு. பிளேக் வந்ததும் அதே கயிறு முதலாளிகளின் காலைச் சுற்றியது. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாதவன், அடுத்த மாதம் வரப்போகும் கூலியை நம்பி இன்று ஏன் ஆலைக்குள் நுழைவான்? தினக்கூலி கேட்டார்கள். அதை அன்றன்றே கையில் கேட்டார்கள். ஆள் பஞ்சத்தில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். தெருமுனைகளில் நின்று ஒருவரை மிஞ்சி ஒருவர் கூலி சொல்லி ஆள் பிடித்தார்கள். நோயின் வேகம் குறைந்ததும் பழையபடி மாதச் சம்பளத்துக்குத் திரும்பப் பார்த்தார்கள். 1897-இல் அதை எதிர்த்து வேலைநிறுத்தங்கள் நடந்தன.

இரண்டாவது கேள்வி: வேலையிடத்தை எப்படிப் பாதுகாப்பது?

நோய்க்கிருமியை 1894-இலேயே ஹாங்காங்கில் யெர்சின் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்பது விளங்கவில்லை. அழுக்குத்தான் காரணம் என்று எண்ணிச் சுண்ணாம்பு அடித்தார்கள், கார்பாலிக் மருந்து தெளித்தார்கள். எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துகிறது என்று பால் லூயி சீமோன் கராச்சியில் சோதித்துக் காட்டியது 1898-இல். அதையும் உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சில ஆலைகள் தொழிலாளர் தங்க வளாகத்திலேயே கொட்டகை போட்டன. நெரிசலான சால் வீடுகளிலிருந்து ஆட்களை விலக்கி வைத்ததால் அதில் ஓரளவு பலன் இருந்திருக்கும். ஆலைத் தளத்தை மட்டும் கழுவிவிட்டு, ஒரே அறையில் பத்துப்பேர் படுக்கும் வீட்டுக்கு அனுப்பினால் என்ன பயன்?

மூன்றாவது கேள்வி: காய்ச்சல் கண்டவரை என்ன செய்வது?

பிடித்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போடு என்பது அன்றைய விடை. போனவர் திரும்ப மாட்டார் என்று மக்கள் பயந்தார்கள். 1896 அக்டோபர் கடைசியில் ஆலைத் தொழிலாளர் சுமார் ஆயிரம் பேர் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். அதன்பின் வீட்டில் நோயாளியை ஒளித்து வைப்பது சகஜமானது. ஒளித்து வைத்தவரும் மறுநாள் வேலைக்கு வரத்தான் செய்வார். மிரட்டினால் நோய் மறைக்கப்படும், மறைத்தால் பரவும். இந்த எளிய கணக்கை அரசு புரிந்துகொள்ளப் பல மாதம் ஆயிற்று. அந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை. 2020 மார்ச்சில் மும்பையின் கொரோனா நோயாளிகளை முதலில் சேர்த்ததும் அங்கேதான்.

1897 பிப்ரவரி 4-இல் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். பயணிகளைச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம், மீறினால் தண்டிக்கலாம் என்றது. முதலாளி தன் ஆட்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி கிடையாது.

இன்னொரு ஊரையும் சொல்கிறேன். 1918 அக்டோபரில் நியூயார்க் நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட், கடை, அலுவலகம், ஆலை ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் திறந்து மூட வேண்டும் என்று உத்தரவிட்டார். சுரங்க ரயிலில் எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் இன்புளூயன்சா பரவும் என்பது அவர் கணக்கு. பள்ளிகளை அவர் மூடவில்லை. நெரிசலான வீடுகளைவிட ஆசிரியர் கண்பார்வையில் பிள்ளைகள் இருப்பது நல்லது என்றார். (ஆசிரியர்களுக்கு இதில் சின்னப் பெருமை உண்டு!)

102 ஆண்டு கழித்து, 2020 ஏப்ரல் 15-இல் நம் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட விதிகளிலும் ஷிப்டுகளுக்கிடையே ஒரு மணி நேர இடைவெளி, மாற்றி மாற்றி மதிய உணவு, லிப்டில் இரண்டு அல்லது நான்கு பேர் என்றெல்லாம் இருந்தன. நல்ல விதிகள்தான். ஆனால் கூலிக் கேள்வி? ஊரடங்கு காலத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்று மார்ச் 29-இல் உத்தரவு வந்தது. மே மாதம் அது விலகியது. ஜூன் 12-இல் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. அதற்குள் லட்சக்கணக்கானோர் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், 1896-இல் போனதைப் போலவே.

சிறு தொழில் நடத்துபவரின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. உற்பத்தி நின்றால் அவர் மட்டும் எங்கிருந்து கொடுப்பார்? அரசு தோள் கொடுக்காமல் அவரால் முடியாது. ஆனாலும் பம்பாய் சொல்லும் பாடம் ஒன்றுதான். லீவு போட்டால் கூலி போகும் என்றால் காய்ச்சல்காரர் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்கு வருவார். வாசலில் எத்தனை சானிடைசர் பாட்டில் வைத்தாலும் அவரைத் தடுக்க முடியாது. நோய் நாளுக்குக் கூலி கொடுப்பதும் நோய்த்தடுப்புத்தான்.

தொழில் நடத்துபவர்களும் தொழிலாளர்களும் உங்கள் 2020 அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்த தலைமுறை படிக்க அதுவும் வரலாறுதான்.