பிடோங் தீவு

மலேசியாவின் திரெங்கானு மாநிலத்துக்கு அப்பால் தென்சீனக் கடலில் உள்ள சிறு தீவு. பரப்பளவு ஏறத்தாழ 1 சதுர கிலோமீட்டர். 1978 ஆகஸ்டு முதல் 1991 அக்டோபர் வரை, வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களுக்கான முகாம் இங்கே இயங்கியது.

1975 ஏப்ரல் 30இல் தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்த சமயத்தில் அமெரிக்கர்களோடு வெளியேறியவர்களில் பழைய அரசைச் சார்ந்தவர்களே மிகுதி. பிடோங்கில் கரையேறியவர்கள் பலதரப்பினர். பழைய அரசைச் சார்ந்தவர்களை அடைத்துவைத்த 'மறுகல்வி' முகாமிலிருந்து மீண்டவர்களும், நகரத்தவரைக் குடியேற்றிய 'புதிய பொருளாதார மண்டல'க் காடுகளுக்குப் போக மறுத்தவர்களும், 1978 மார்ச்சில் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டபோது கடைகண்ணியை இழந்த, சைகோனின் சோலோன் பகுதிச் சீனர்களும் அவர்களுள் இருந்தனர். சீனர்கள் பலர் அதிகாரிகளுக்குத் தங்கம் அழுதுதான் படகேறினார்கள். வழியில் தாய்லாந்து வளைகுடாவின் கடற்கொள்ளையருக்குத் தப்பியவர்கள் பாக்கியசாலிகள்.

கரை தட்டியதும் வந்த படகைத் தாங்களே உடைத்து மூழ்கடிப்பதுண்டு. படகு மிதந்துகொண்டிருந்தால் மலேசிய அதிகாரிகள் மறுபடி நடுக்கடலுக்கு இழுத்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பலகைகளோடு மரக்கிளை, பிளாஸ்டிக் விரிப்பு, தட்டி நிமிர்த்திய தகரம் சேர்த்து இரண்டடுக்கு, மூன்றடுக்குக் குடிசைகள் கட்டினார்கள். 4,500 பேருக்கெனத் திட்டமிட்ட இடத்தில் 1979 ஜூனில் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தனர். குடிநீர் படகில் வரவேண்டியிருந்தது. குன்றின் மேல் தேவாலயமும் பௌத்தக் கோயிலும் எழுந்தன. மலேசியச் செம்பிறைச் சங்கமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் முகாமைக் கவனித்தன.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திட்டிருக்கவில்லை. பிற நாடுகள் ஏற்றுக்கொண்டால்தான் தற்காலிகத் தங்கல் என்பதே அதன் நிலை. இதை வெறும் கல்நெஞ்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பிடிவாதமும் சேர்ந்துதான் இந்தோசீன அகதிகள் பற்றிய 1979 ஜூலை ஜெனீவா மாநாட்டுக்கு வழிவகுத்தது. அங்கே மேலைநாடுகள் தர முன்வந்த குடியேற்ற இடங்கள் 1,25,000இலிருந்து 2,60,000 ஆக உயர்ந்தன. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ் அதிகாரிகள் தீவுக்கே வந்து நேர்காணல் நடத்தினர். கனடா 1979-80இல் மட்டும் இந்தோசீன அகதிகள் சுமார் 60,000 பேரை ஏற்றது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பொறுப்பேற்றவை தேவாலயங்களும் அக்கம்பக்கக் குழுக்களுமே. அதற்காகக் கனடா மக்களுக்கு 1986இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சென் பதக்கம் கிடைத்தது.

1989 மார்ச் 14க்குப் பின் வந்தவர்கள் தாங்கள் அகதிதான் என்று நிரூபிக்க வேண்டியதாயிற்று. நிரூபிக்க இயலாதவர்களைத் தாயகத்துக்கே திருப்பியனுப்பினர். பிடோங் 1991இல் மூடப்பட்டது; கோலாலம்பூர் அருகிலிருந்த சுங்கை பெசி முகாமும் 1996இல் மூடப்பட்டது. முன்னாள் அகதிகள் தீவில் நிறுவிய நினைவுப் பலகையை 2005இல் வியட்நாமின் எதிர்ப்பை அடுத்து மலேசியா அகற்றியது. 1951 உடன்படிக்கையில் அந்நாடு இன்றும் சேரவில்லை.