டிக்கியில் திரும்பிய ஜாடி

இன்றைய ஈராக்கில் இருந்த உருக் நகரத்துச் சிற்பி ஒருவர் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளை நிற அலபாஸ்டர் கல்லில் ஒரு ஜாடி குடைந்தார். உயரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். அதன் உடலைச் சுற்றி ஒரு கோயில் காட்சியைச் செதுக்கினார். கோயிலுக்குள் குவிந்த காணிக்கைகளுக்கு நடுவே இரண்டு ஜாடிகளையும் செதுக்கி வைத்தார். இரண்டும் இதே ஜாடியின் சாயல். இதற்கு ஓர் இணை இருந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

காட்சியைக் கீழேயிருந்து படிக்க வேண்டும். அடியில் அலையலையாய்த் தண்ணீர். தண்ணீருக்கு மேல் பயிர். பயிருக்கு மேல் கிடாவும் பெட்டையும் மாறி மாறிப் போகும் செம்மறிகள். அதற்கும் மேலே ஆடையில்லாத ஆண்கள் கூடைகளையும் கலயங்களையும் ஏந்தி, சீர்வரிசை கொண்டுபோகிறவர்களைப் போல ஒருவர் பின் ஒருவராக நடக்கிறார்கள். உச்சியில் ஒரு பெண். நாணல் கட்டுகளாலான இரண்டு கம்பங்கள் அவள் பின்னால் நிற்பதால் இனானா தேவியாகவோ அவளுடைய பூசாரியாகவோ இருக்க வேண்டும் என்கிறார்கள். அவள் எதிரே ஊர்த் தலைவன் நின்றிருக்கிறான். அந்த இடத்துக் கல் பழங்காலத்திலேயே சிதைந்துவிட்டதால் அவனுக்கு முகமில்லை. உடையின் ஓரமும் காலின் ஒரு பகுதியுமே மிச்சம். ஆட்சி செய்தவன் அழிந்துபோய், ஆடும் கூடை சுமந்தவர்களும் மட்டும் தெளிவாக நிற்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

கோயிலில் இருந்த காலத்திலேயே ஜாடியின் விளிம்பு உடைந்து, யாரோ அதைப் பழுது பார்த்திருக்கிறார்கள். உடைந்தது போகட்டும் என்று வேறொன்று செய்துகொள்ளாமல் ஒட்டுப்போட்டு வைத்துக்கொண்டார்கள் என்றால், அன்றைக்கே அது பெருமதிப்புள்ள பொருளாக இருந்திருக்கிறது. உலகின் மிகப் பழைய எழுத்துப் பலகைகள் கிடைத்த ஊர் உருக். பிற்காலத்தில் ஆறு விலகிப்போய், ஊர் வெறிச்சோடி, வார்க்கா என்ற பெயரில் மண்மேடாகக் கிடந்தது. 1933-34இல் ஜெர்மன் அகழ்வாய்வாளர்கள் இனானா கோயில் வளாகத்தில் தோண்டியபோது ஜாடி துண்டுகளாக வெளிப்பட்டது. பொருத்தி ஒட்டினார்கள். பெர்லினுக்குப் போனது அதன் சாந்து வார்ப்பு. அசல் பாக்தாத் அருங்காட்சியகத்தில் தங்கியது. பதிவேட்டில் எண், புகைப்படம், வரைபடம் எல்லாம் சேர்ந்தன. இந்தப் பதிவேட்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில பத்தாண்டுகளில் சொல்லும்படி எதுவும் இல்லை. கண்ணாடிக்குள் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள். கலை வரலாற்றுப் புத்தகங்களில் படம் வந்தது.

1991 வளைகுடாப் போருக்குப் பின் எழுந்த கலவரத்தில் ஈராக்கின் ஒன்பது மாவட்ட அருங்காட்சியகங்கள் சூறையாடப்பட்டன. பாக்தாத் அருங்காட்சியகம் கதவை மூடியது. பொதுமக்களுக்குத் திறந்தது 2000இல்தான். ஆகவே 2003இல் அமெரிக்கா படையெடுத்தபோது என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது என்ற பேச்சை ஏற்பதற்கில்லை. அந்த ஆண்டு ஜனவரியிலேயே மக்குவயர் கிப்சன் உள்ளிட்ட தொல்லியலாளர்கள் பென்டகனுக்குப் போய், காக்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்திருந்தார்கள். குண்டு போடக் கூடாத இடங்களின் பட்டியலாக அது பயன்பட்டது. குண்டு நின்றபின் வாசலில் யார் நிற்பது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அருங்காட்சியக ஊழியர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். காட்சிப் பெட்டிகளிலிருந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை எடுத்து இரகசிய அறையில் அடைத்தார்கள். நிம்ருத் தங்க நகைகள் முன்பே மத்திய வங்கியின் நிலவறையில் இருந்தன. கனமானவையும் அசைத்தால் நொறுங்கக்கூடியவையும் அப்படியே கூடத்தில் விடப்பட்டன. ஒட்டுப்போட்ட நம் ஜாடியும் அவற்றில் ஒன்று. ஏப்ரல் 8 அன்று சண்டை வளாகத்துக்குள்ளேயே வந்துவிட, கடைசியாக இருந்தவர்களும் வெளியேறினார்கள். ஈராக் வீரர்கள் உள்ளிருந்து சுட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 10 முதல் 12 வரை கொள்ளை நடந்தது. அமெரிக்க டாங்கிகள் வாசலில் வந்து நின்றது 16ஆம் தேதி. எண்ணெய் அமைச்சகத்துக்கு மட்டும் முதலிலேயே காவல் கிடைத்துவிட்டது. போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காப்பதற்கான 1954 ஹேக் ஒப்பந்தத்தை அமெரிக்கா அப்போது உறுதிப்படுத்தியிருக்கவில்லை, 2009இல்தான் செய்தது. பிரிட்டன் 2017 வரை இழுத்தது.

ஜாடியைப் பீடத்திலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். அடிப்பாகம் முறிந்து அங்கேயே தங்க, மற்றது போய்விட்டது. மொத்தம் சுமார் 15,000 பொருட்கள் காணாமல் போயின. காட்சிக் கூடங்களிலிருந்து போனவை நாற்பது மட்டுமே. மற்றவை கிடங்கிலிருந்து போனவை. அருங்காட்சியகத்தின் நிலவறையிலிருந்து போனவற்றில் விரலளவே இருக்கும் உருளை முத்திரைகள் ஆயிரக்கணக்கில். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடலாம்.

விசாரணைக்கு வந்த அமெரிக்க மரைன் படையின் கர்னல் மாத்யூ பாக்டனோஸ் சட்டம் படித்தவர், நியூயார்க்கில் அரசு வழக்கறிஞர். யார் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்கமாட்டோம் என்று அறிவித்தார். தேநீர்க் கடைகளிலும் மசூதிகளிலும் செய்தி பரவியது. ஜூன் 12 அன்று ஒரு சிவப்பு டொயோட்டா அருங்காட்சியக வாசலில் வந்து நின்றது. இருபதுகளில் இருந்த மூன்று பேர் இறங்கி, டிக்கியிலிருந்து போர்வையில் சுற்றிய ஏதோ கனமான ஒன்றைத் தூக்கத் தடுமாறினார்கள். காவலர்கள் துப்பாக்கியை உயர்த்தினார்கள். போர்வையை ஒருவர் விலக்க, உள்ளே செதுக்கிய வெள்ளைக் கல். பதினான்கு துண்டுகள். பெயர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதே கொள்ளையில் போன, உருக்கின் இன்னொரு புதையலான 'வார்க்காப் பெண்' என்ற பளிங்கு முகம் அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு தோட்டத்து மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. அப்போது போன பாசெட்கிச் செப்புச் சிலையை நவம்பரில் ஒரு கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். வண்டி மசகைப் பூசி உள்ளே போட்டிருந்தார்கள்.

இவை ஏன் திரும்பின? மனச்சாட்சி என்று சொல்லிவிடலாம். சிலருக்கு அதுவும் இருந்திருக்கும். ஆனால் வியாபாரக் காரணம் இன்னும் வலுவானது. இந்த ஜாடியின் படம் உலகின் பாதிப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. லண்டனிலோ நியூயார்க்கிலோ எந்தத் தரகனிடம் கொண்டுபோனாலும் அவன் அடுத்த நொடியில் கண்டுபிடித்துவிடுவான். பதிவேட்டு எண்ணும் புகைப்படமும் ஜாடிக்குக் காவலாக நின்றன. துண்டுகளைச் சேர்த்து ஒட்டி மீண்டும் பீடத்தில் ஏற்றினார்கள். அருங்காட்சியகமே 2015 பிப்ரவரியில்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. மோசூல் அருங்காட்சியகத்தில் சிலைகளைச் சுத்தியலால் உடைக்கும் காணொளி வெளியான சில நாட்களுக்குள் அவசரமாகத் திறக்கப்பட்டது.

ஜாடி பிறந்த உருக் மேட்டில் பெரிய சேதம் இல்லை. உள்ளூர்ப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் காவலுக்கு இருந்தவர்கள், போர் நடந்த மாதங்களிலும் இடத்தை விட்டு நகரவில்லை. ஈராக்கின் வேறு பழைய நகர மேடுகளான உம்மாவிலும் இசினிலும் அப்படி யாரும் இல்லை. வேலையும் சம்பளமும் போன ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். மேலேயிருந்து எடுத்த படங்களில் அந்த மேடுகள் முழுக்கக் குழிகள். அங்கிருந்து வெளியேறிய பொருளுக்கு எண் கிடையாது, படம் கிடையாது. இருந்தது என்றே பதிவில்லாத பொருளைத் திருடுபோனதாக யார் புகார் எழுதுவது?

கில்கமேஷ் கதையின் கனவுப் பகுதி எழுதப்பட்ட ஒரு களிமண் பலகை அந்தக் காலத்தில்தான், 2003இல், லண்டன் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தது. 1981இல் சான்பிரான்சிஸ்கோ ஏலத்தில் வாங்கியது என்று அதற்கு ஒரு பொய்ச் சான்று தயாரானது. பல கைகள் மாறி, 2014இல் 16 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. 2021இல் ஈராக்கிடம் திருப்பித் தரப்பட்டது. ஜாடிக்குத் தோண்டிய வளாகமும் பருவமும் எழுதி வைத்த ஏடு இருக்கிறது. பலகை பாக்தாதுக்கு வந்து சேர்ந்தபோது, எந்த மேட்டில், எந்தச் சுவருக்குப் பக்கத்தில், எதோடு சேர்ந்து அது கிடந்தது என்று எழுதிய ஒரு சீட்டும் அதனோடு வரவில்லை.