சாம் குக், ஜேம்ஸ் பிரவுன்: 80 நாள் இடைவெளியில் இரு மேடைப் பதிவுகள்

1962 அக்டோபர் 24 அன்று நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்போலோ அரங்கில் ஜேம்ஸ் பிரவுன் நிகழ்த்திய இசை நிகழ்ச்சி ஒலிப்பதிவு செய்யப்பட்டது. அதிலிருந்து 80 நாட்கள் கழித்து, 1963 ஜனவரி 12 அன்று, மயாமி நகரின் ஹார்லெம் ஸ்கொயர் கிளப் என்னும் இரவு விடுதியில் சாம் குக் பாடியதும் பதிவானது. அப்போது பிரவுனுக்கு வயது 29, குக்குக்கு 31. இருவரும் கறுப்பினத் தேவாலயங்களின் கோஸ்பெல் மரபில் ஊறியவர்கள். அவ்விரு இரவுகளிலும் அவர்கள்முன் இருந்தோர் பெரும்பாலும் கறுப்பின மக்களே. ஆயினும் முதற்பதிவு 1963ஆம் ஆண்டிலேயே இசைத்தட்டாக வெளிவந்தது. இரண்டாம் பதிவு 1985 வரை வெளியிடப்படவில்லை. சோல் இசையின் வரலாறு எவ்வாறு எழுதப்பட்டது என்பதை அறிய விரும்புவோர் இந்த இடைவெளியைக் கவனித்தாக வேண்டும்.

இருவரையும் ஒப்பிடுவோர் நெடுங்காலமாக ஒரு வாய்பாட்டையே கையாண்டுவந்தனர். குக் மென்மையானவர், நயமானவர், வெள்ளையின நடுத்தர வர்க்கத்துக்கும் உவப்பானவர். பிரவுன் முரட்டுத்தனமானவர், உடலால் பாடுபவர், சமரசமற்றவர். இவ்வாய்பாடு முற்றிலும் பொய்யன்று. 1957இல் குக்குக்குப் பெரும்புகழ் தேடித்தந்த முதற்பாடல் தொடங்கி, ஆர்சிஏ நிறுவனம் வெளியிட்ட அவருடைய பல இசைத்தட்டுகள் அதற்குச் சான்று தருகின்றன. ஆனால் அச்சான்று எவ்வழியாக நமக்கு வந்துசேர்ந்தது என்பதும் ஆராயத்தக்கது.

பிரவுனின் பதிவு எளிதில் உருவானதன்று. சின்சினாட்டி நகரின் கிங் நிறுவன உரிமையாளர் சிட் நேதன் அதற்குப் பணம் தர மறுத்தார். புதிய பாடல்கள் ஏதுமின்றி, முன்பே விற்ற பாடல்களை மேடையில் மீண்டும் பாடுவதை யார் வாங்குவர் என்பது அவர் எண்ணம். பிரவுன் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுப் பதிவை நடத்தினார். சுமார் அரைமணி நேரமே ஓடும் அந்த இசைத்தட்டு, பில்போர்டு பட்டியலில் 66 வாரங்கள் இடம்பெற்று இரண்டாம் இடம்வரை உயர்ந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் தனிப்பாடல்களைத் தேர்ந்தெடுக்காமல், தட்டின் ஒரு பக்கத்தை முழுமையாகவே ஒலிபரப்பினர். நேரில் காண வாய்ப்பில்லாதோரிடமும் பிரவுனின் மேடை சென்று சேர்ந்தது.

குக்கின் நிலை வேறு. சோல் ஸ்டிரர்ஸ் கோஸ்பெல் குழுவின் முன்னணிப் பாடகராயிருந்த அவர், உலகியற்பாடல்களுக்கு மாறியபின் 1960இல் ஆர்சிஏ நிறுவனத்தில் சேர்ந்தார். சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனத்தையும் பாடல் பதிப்பகத்தையும் நடத்திய, வணிகத் தெளிவு மிக்கவர் அவர். எனினும் மயாமிப் பதிவை வெளியிடும் முடிவு பெருநிறுவனத்தின் கையில் இருந்தது. அப்பதிவில் ஒலிக்கும் கரகரத்த குரலும் கூட்டத்தின் ஆரவாரமும், தாங்கள் வளர்த்துவந்த நயமான பாடகரின் பிம்பத்தைக் குலைத்துவிடும் என்று நிறுவனம் கருதியது. பதிவு கிடப்பில் போடப்பட்டது.

இன்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்குப் பழைய வாய்பாடு போதாது என்பது விளங்கும். அப்போலோவில் பிரவுன், இழந்த காதலைப் பற்றிய ஒரு பாடலைப் பத்து நிமிடங்களுக்கும் மேலாக நீட்டுகிறார். வாத்தியங்கள் ஓரிரு சுரக்கோவைகளையே திரும்பத் திரும்ப வாசிக்க, அவர் குரலைத் தாழ்த்தியும் வீறிட்டும் கூட்டத்தை மறுமொழி பேச வைக்கிறார். மயாமியில் குக், ஒரு புகழ்பெற்ற பாடலுக்கு முன்பாக, பிரிந்த காதலியைத் தொலைபேசியில் அழைக்கும் கதையைப் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் விரிக்கிறார். கிங் கர்ட்டிஸின் சாக்சபோன் குழு அவருக்கு இடம்விட்டுக் காத்திருக்கிறது. கூட்டம் ஒவ்வொரு வரிக்கும் பதில் கொடுக்கிறது. இரண்டிலும் இயங்குவது ஒரே இலக்கணம்: தேவாலயப் போதகர் அழைக்க, சபை மறுமொழி தருவது.

வேறுபாடுகளும் உண்டு. பிரவுனின் ஆவேசம் இராணுவ ஒழுங்கில் அமைந்தது. தவறாக வாசிக்கும் கலைஞர்களுக்கு அபராதம் விதித்தவர் அவர். பாடல்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. முரட்டுத்தனம் என்று சொல்லப்பட்டது நுணுக்கமாக ஒத்திகை பார்க்கப்பட்ட ஒன்று. குக்கோ கூட்டத்தோடு உரையாடி, அதன் போக்கில் பாடலை நெகிழவிடுகிறார். வாய்பாட்டின்படி கட்டுப்பாடுடையவர் குக். இவ்விரு பதிவுகளில் கட்டுப்பாடு மிகுதியாக வெளிப்படுவது பிரவுனிடமே.

இதைக் கொண்டு 'உண்மையான குக்' மயாமியில்தான் இருந்தார் என்று முடிவுகட்டுவதும் பிழையாகும். 1964 ஜூலையில் நியூயார்க்கின் கோபகபானா விடுதியில் அவர் பாடியது அதே ஆண்டிலேயே வெளிவந்தது. அங்கே வெள்ளையின விருந்தினர்முன் நிதானமாக, புன்னகையோடு பாடுகிறார். 1958இல் அதே மேடையில் கண்ட தோல்வியை வெல்ல நன்கு திட்டமிட்டுத் திரும்பியிருந்தார். அந்த நிகழ்ச்சியில் பாப் டிலனின் எதிர்ப்புப் பாடல் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். இரு மேடைகளும் அவருடையவையே. அவற்றுள் ஒன்றை மட்டும் வாசகர் கையில் சேர்த்தது நிறுவனத்தின் தேர்வு. 1964 டிசம்பர் 11 அன்று குக் மறைந்தபோது, ரசிகர் வாங்கக்கூடிய ஒரே மேடைப் பதிவு கோபகபானாவினுடையதே.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு முறையியல் சிக்கல் அடங்கியுள்ளது. ஒவ்வொரு மேடைப் பதிவுக்கும் இரண்டு ஆண்டுகள் உண்டு: பாடப்பட்ட ஆண்டு, கேட்கப்பட்ட ஆண்டு. பிரவுன் பதிவில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒன்றே. குக் பதிவிலோ அவை 22 ஆண்டுகள் விலகி நிற்கின்றன. 1963இல் அவர் எவ்வாறு பாடினார் என்பதற்கு மயாமிப் பதிவு முதல்தரச் சான்று. அவ்வாண்டின் இசைத்தட்டு ரசிகர் அவரை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்றாகாது. பின்வந்த பாடகர்கள்மீது அது செலுத்திய செல்வாக்கைப் பற்றிப் பேசவேண்டுமாயின் 1985க்குப் பிறகே பேச இயலும். அதே வேளையில், அன்றைய கறுப்பின மக்கள் குக்கை அறியாதவர்கள் என்றும் கொள்ளலாகாது. ஊர் ஊராக நடந்த இத்தகைய நிகழ்ச்சிகளில் அவரைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் புதிதன்று. அவர்களின் நினைவு இசைத்தட்டாகவில்லை. ஆகவே இசைத்தட்டுகளை நம்பி எழுதப்பட்ட வரலாற்றில் அது இடம்பெறவில்லை.

ஹார்லெம் ஸ்கொயர் கிளப் இருந்த ஓவர்டவுன், மயாமியின் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி. 1960களில் அதன் நடுவே நெடுஞ்சாலைகள் அமைக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். 1985இல் அப்பதிவு வெளிவந்தபோது, அதில் குரல்கொடுத்த மக்களின் குடியிருப்பு பழைய நிலையில் இல்லை. பாடகருக்குப் பதில் சொல்லும் அந்தக் கூட்டத்தின் ஓசை, குக்கின் மேடைக்கு மட்டுமன்றி, சிதைக்கப்பட்ட அந்த ஊருக்கும் ஓர் ஆவணம். இரு பாடகர்களை ஒப்பிட முனைவோர் குரல்களைக் கேட்பதோடு, எப்பதிவு யாருடைய முடிவால் எப்போது நம்மை வந்தடைந்தது என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.